அம்மி, ஆட்டுக்கல், திருகை: செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் கையால் புழங்குகிறவர்கள் சொல்லுங்கள்

கோட்டையூர் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரிய வீட்டில் பங்காளிகள் கூடி, வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் கிடக்கும் சாமான்களைப் பிரித்துக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது. பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் ஆள் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி மரப்பெட்டி, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி என்று ஒவ்வொன்றுக்கும் விலை சொன்னார். கல் சாமானுக்கு யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு அம்மி, பெரிய ஆட்டுக்கல், திருகை, உரல், பூண் போட்ட உலக்கை, துருவல் மனை, அரிவாள்மனை, தேன்குழல் கட்டை, மத்து எல்லாம் அப்படியே இருக்கின்றன.

"அதையெல்லாம் எனக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டுவிட்டேன். முற்றத்தில் அழகுக்கு வைக்கவோ பூந்தொட்டி ஆக்கவோ எண்ணமில்லை. சமைக்க வேண்டும். வீட்டில் நாங்கள் நான்கு பேர். மிக்சியும் கிரைண்டரும் நன்றாகவே ஓடுகின்றன. எந்த வேலையைக் கைக்கு மாற்றலாம், எது வீண் சிரமம்? கரண்டுச் செலவு குறையுமா? ருசி உண்மையிலேயே மாறுமா? பழமையின் பெருமையைப் பற்றி நிறையப் படித்தாகிவிட்டது. புழங்குகிறவர்கள் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

விசேஷச் சமையல், காரைக்குடி

ஆச்சி, விசேஷ வீடுகளுக்குச் சமைக்கிறவன் நான். ஐந்நூறு இலை போடும் இடத்தில் அம்மியைப் பற்றிப் பேச முடியாது. பெரிய கிரைண்டர் இல்லாமல் எங்களுக்குப் பொழுது விடியாது. ஆனால் என் வீட்டு அடுப்படியில் அம்மி இருக்கிறது, தினமும் நனைகிறது. இரண்டையும் வைத்து வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அம்மியைப் பத்திரப்படுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மிக்சிக்குள் இருப்பது கத்தி. நிமிடத்துக்கு 18,000, 20,000 சுற்று சுற்றி வெட்டுகிறது, சூடும் ஏறுகிறது. அம்மியில் குழவி நசுக்கி இழுக்கிறது. சின்ன வெங்காயத்தை நசுக்கினால் இறங்கும் சாறு வேறு, வெட்டினால் இறங்கும் சாறு வேறு. அதைவிட முக்கியமானது தண்ணீர். மிக்சி ஓட வேண்டுமென்றால் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். அம்மிக்குக் கையால் தெளித்தால் போதும். தண்ணீர் குறைந்த மசாலா எண்ணெயில் விழுந்ததுமே வதங்க ஆரம்பிக்கும். தண்ணீர் விட்டு அரைத்தது முதலில் வேகும், ஈரம் வற்றிய பிறகுதான் வதங்கும். அதற்குள் அடுப்பில் இருப்பவருக்குப் பொறுமை போய்விடும், பாதி வதங்கலிலேயே கறியைப் போட்டுவிடுவார். மிக்சிக் குழம்பில் பச்சை வாடை நிற்பது இதனால்தான்.

அரைக்கிற வரிசையைக் கைவிடாதீர்கள். வரமிளகாயைக் கல் உப்போடு வைத்து, முதலில் நசுக்கி, பிறகு தண்ணீர் தெளித்துத் தெளித்து இழுங்கள். விதை கண்ணில் படக்கூடாது. அதன் மேல் மல்லி, சோம்பு, சீரகம், மிளகு. பிறகு தேங்காய். சின்ன வெங்காயமும் பூண்டும் கடைசியில்தான். அவற்றை முன்னால் வைத்தால் கல் வழுக்கும், மிளகாய் அரைபடவே படாது. கல்பாசியும் பட்டையும் தாளிப்புக்குப் போகட்டும். அரைத்து வழித்த பிறகு அம்மி கழுவிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், அது குழம்பில் சேர வேண்டியது.

ஆட்டுக்கல்லைப் பற்றி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இட்லி மாவுக்காக அதனிடம் போகாதீர்கள். கிரைண்டருக்குள் இருப்பதும் கல்தானே. 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் முதலில் செய்ததும் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டிய வேலைதான். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், கிரைண்டரில் பாத்திரம் சுற்றும். கல்லும் கல்லும் உரசி உளுந்து பொங்குவது இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே கையா கரண்டா என்று பிரிக்காதீர்கள். கல்லா கத்தியா என்று பிரித்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு வெள்ளைப் பணியாரம். ஒரு உழக்கு பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக நிற்கிற அளவுக்கு உளுத்தம்பருப்பு. வீட்டு அளவு அவ்வளவுதான். இந்தக் கொஞ்ச மாவு பெரிய கிரைண்டரில் கல்லுக்குக் கீழே வராமல் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மிக்சியில் போட்டால் சூடேறி, பணியாரம் எண்ணெயில் எழும்பாமல் தட்டையாகக் கிடக்கும். ஆட்டுக்கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வெண்ணெய் போல வரும்.

தேவகோட்டை வைண்டிங்

மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கரண்டுக் கணக்கை நான் சொல்லிவிடுகிறேன்.

750 வாட் மிக்சியை நாளைக்கு 5 நிமிடம் ஓட்டினால் மாதத்துக்கு 2 யூனிட்டுக்குள்தான் வரும். 150 வாட் டேபிள்டாப் கிரைண்டரை வாரம் இரண்டு முறை, முறைக்கு 40 நிமிடம் ஓட்டினால் 1 யூனிட்டுக்குள். இரண்டையும் அடியோடு நிறுத்தினாலும் மாதம் 3 யூனிட்கூட மிச்சமாகாது. நமக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவே கிடைக்கிறது. 2,000 வாட் வெந்நீர் ஹீட்டரைக் கால் மணி நேரம் போட்டால் அரை யூனிட். ஆறு நாள் குளியலில் அந்த 3 யூனிட் போய்விடும். கரண்டை மிச்சம் பிடிக்க நினைத்தால் ஹீட்டர் பக்கம் போங்கள், அம்மி அதற்கு வழியில்லை.

உடம்புக் கணக்கையும் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். திடமான ஆள் நாள் முழுக்க உழைத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 75 வாட் தர முடியும். கையை மட்டும் வைத்துச் சுற்றினால் அதற்கும் குறைவு. கிரைண்டர் 40 நிமிடத்தில் முடிப்பதை ஒரு ஆள் சுற்ற வேண்டுமென்றால், மோட்டாரில் வீணாவதைக் கழித்துப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இட்லி மாவு விஷயத்தில் காரைக்குடி அண்ணன் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு.

ஆனால் மசாலாவிலும் அவர் பக்கம்தான் நான். கடைக்கு எரிந்து வருகிற மிக்சிகளில் நிறையப் பேர் கெட்டிச் சட்னி, பொடி, மசாலாவைத் தண்ணீர் விடாமல் ஓட்டியிருப்பார்கள். மோட்டார் சுற்றத் திணறும்போது கரண்டை அதிகமாக இழுக்கும். சுருள் சூடாகி அதன் மேல் பூசிய வார்னிஷ் கருகிப் போகும். அந்தக் கெட்டி வேலை அம்மிக்கு உரியது. அங்கே ஒப்படைத்துவிட்டால் மிக்சியும் பல வருஷம் உழைக்கும்.

பள்ளத்தூர்க்காரன்

கரண்டும் ருசியும் இருக்கட்டும், உடம்பை ஏன் யாரும் பேசவில்லை? எங்கள் அப்பத்தா எண்பது வயது தாண்டியும் கம்பு ஊன்றாமல் நடந்தார். உரலும் உலக்கையும்தான் காரணம் என்பார். அந்தக் காலத்துப் பெண்களுக்கு இடுப்பு வலி உண்டா, மூட்டு வலி உண்டா? எல்லாம் சுகப்பிரசவம். ஆட்டுக்கல் போனது, ஆஸ்பத்திரி வந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் திரும்ப அம்மியில் உட்கார்ந்தால் பாதி வியாதி போய்விடும்.

செக்காலை

மேலே உள்ளதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் அந்தக் கல்லைச் சுற்றியவர்கள் யார்? என் அம்மா காரைக்குடியில் சில வீடுகளில் மாவு அரைத்தவர். விடியும் முன் கிளம்பிப் பின்கட்டு வாசல் வழியாகப் போவார். உளுந்தும் அரிசியும் ஊறியிருக்கும். ஒரு வீட்டை முடித்து அடுத்த வீடு. விசேஷ நாள் என்றால் உலக்கை போட இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவார். அதிரசத்துக்கு ஈர அரிசி இடிப்பது, சலிப்பது, கப்பியைத் திரும்ப இடிப்பது. வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு அரைத்துக் கொடுக்கக் கை எழாது. எங்கள் வீட்டில் இட்லி என்பது தீபாவளிக்கு. மற்ற நாளில் கஞ்சியும் துவையலும்.

என் அம்மாவுக்குத் தோள்பட்டை தூக்க முடியாது. அவருடன் அரைத்த பெண்களுக்கு மூட்டு போய்விட்டது. வலி இல்லாமல் இருந்தது என்று சொல்லாதீர்கள். வலிக்கிறது என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்காது, அதனால் சொல்லவில்லை.

2011-ல் அரசு இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைக் கொண்டுவந்தது. எங்கள் தெருவுக்குக் கிரைண்டர் வந்தபோது என் அம்மா தன் வீட்டுக்கென்று உளுந்து ஊற வைத்தார். கரண்டு இருக்கிற நேரம் பார்த்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லில் அரைத்தால் வரும் ருசி என்ன என்று அவருக்கு இங்கே எழுதும் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர் கிரைண்டரைத்தான் எடுத்தார்.

கோட்டையூர் ஆச்சி, நீங்கள் புழங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மிக்கு இடம் பார்க்கும் முன்னால் அரைக்கப் போவது யார் என்று முடிவு செய்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர் அரைக்கப் போகிறாரா? அப்படியானால் அந்த வேலைக்குத் தனிச் சம்பளம் உண்டா, அவரால் முடியுமா என்று அவரைக் கேட்டீர்களா?

விசேஷச் சமையல், காரைக்குடி

தங்கச்சி சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. நானும் இடித்துக் கொடுத்தவர்களின் கையை நம்பித் தொழில் கற்றவன்தான். இன்றைக்கு என் வீட்டில் அம்மியில் அரைப்பது நான். என் மனைவிக்கு மணிக்கட்டு வலி, அவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

உடலியக்கம்

நான் பிசியோதெரபிஸ்ட், சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். பள்ளத்தூர் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு பதில். மாவு அரைத்ததால் சுகப்பிரசவம் ஆனது என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அந்தக் காலத்தில் பிரசவத்தில் தாய் இறப்பது இன்றைவிட மிக அதிகம். தப்பித்தவர்களைத்தான் நாம் பார்த்தோம், அவர்கள் கதையைத்தான் கேட்டோம். உடம்பை அசைத்து வேலை செய்வது நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே தோளை, ஒரே மணிக்கட்டை, வருஷக்கணக்கில், ஓய்வு எடுக்கும் உரிமை இல்லாமல் வேலை வாங்குவதை உடற்பயிற்சி என்று சொல்ல முடியாது. செக்காலை எழுதிய தோள்பட்டையை நான் வேலை செய்யும் இடத்தில் நிறையப் பார்க்கிறேன்.

ஆச்சிக்கு யோசனை: அம்மியைத் தரையில் போடாதீர்கள். உங்கள் இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி அதன் மேல் வையுங்கள். நின்றுகொண்டு, ஒரு காலை முன்னால் வைத்து, உடம்பின் எடையைக் குழவியின் மேல் சாய்த்துத் தள்ளுங்கள். தோளால் மட்டும் தள்ளக்கூடாது. முதுகு வளையாமல் இருந்தால் மேடை உயரம் சரி. தரையில் உட்கார்ந்தே பழகியவர்கள் அப்படியே தொடரலாம், புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு முட்டியும் இடுப்பும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். விரல் மரத்துப்போகிறவர்கள், தோள் இறுகியவர்கள், முதுகுத் தட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சட்னி, ஒரு மசாலா என்ற அளவில் இருந்தால் போதும்.

இன்னொன்று, ஏற்கெனவே உள்ள கிச்சன் மேடையின் கடப்பாக்கல் மேல் அம்மியைத் தூக்கி வைத்து நசுக்காதீர்கள். கல் பிளந்து காலில் விழும். அம்மிக்கு அடியிலிருந்து தரை வரை செங்கல் நிற்க வேண்டும்.

பள்ளத்தூர்க்காரன்

நல்லது டாக்டரம்மா. எங்கள் வீட்டில் தேங்காய் துருவுவது நான்தான், அதை மட்டும் சொல்கிறேன். உட்கார்ந்து துருவுகிற மனையை ஒரு பலகை மேசையில் பொருத்திக்கொண்டேன். நாற்காலியில் இருந்தபடி துருவலாம். மிக்சியில் தேங்காயைக் கீறிப் போட்டால் பழுப்புத் தோலும் சேர்ந்து அரைபடும், பால் நிறம் மங்கிவிடும். மனையில் வெள்ளையோடு நிறுத்திக்கொள்ளலாம். பால் பணியாரத்துக்கும் இடியாப்பத்துக்கும் தேங்காய்ப்பால் எடுக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணால் பார்த்தாலே தெரியும். மனையின் பல் மழுங்கினால் துருவல் பூவாக விழாமல் துண்டு துண்டாக வரும். அரம் வைத்து ராவிக்கொள்ளுங்கள்.

கல் வேலை

எங்கள் குடும்பம் அம்மி கொத்துகிற குடும்பம். சைக்கிளில் தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு போன காலம் போய்விட்டது, இப்போது போனில் கூப்பிடுகிறார்கள்.

பழைய அம்மியைத் தூக்கிப் போடாதீர்கள் ஆச்சி. இப்போது சந்தையில் கிடைக்கும் சின்ன அம்மிகளில் சில மென்மையான கல்லில் செய்தவை. அரைக்க அரைக்க மணல் உதிர்ந்து மசாலாவில் நறநறக்கும். உங்கள் வீட்டில் இருப்பது நல்ல கருங்கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். சோதிக்க வேண்டுமென்றால் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் விரிசல் இல்லை. சொத்தையாகக் கேட்டால் உள்ளே விரிசல் ஓடியிருக்கும்.

ரொம்ப நாள் சும்மா கிடந்த கல் என்றால் முதலில் வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரும் கல் உப்பும் போட்டுத் தேயுங்கள். சோப்புத் தூள் வேண்டாம், வாசனை கல்லில் நின்றுவிடும். தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கிறதா? அப்படியானால் கொத்த வேண்டும். உளியால் புள்ளி புள்ளியாக, ஆழமில்லாமல், நெருக்கமாக. அம்மியைக் கொத்தினால் குழவியையும் கொத்த வேண்டும், ஒன்று மட்டும் சொரசொரப்பாக இருந்து பயனில்லை. கொத்தும்போது பக்கத்தில் குழந்தைகளை நிற்க விடாதீர்கள், சில்லு கண்ணில் தெறிக்கும். நாங்களே இப்போது கண்ணாடி போட்டுத்தான் கொத்துகிறோம்.

கொத்தி முடித்த கல்லில் அன்றைக்கே சட்னி அரைக்காதீர்கள். முதலில் தவிட்டை வைத்து அரைத்துக் கொட்டுங்கள். பிறகு ஊறிய அரிசியை அரைத்துக் கொட்டுங்கள். அரிசி மாவு சாம்பல் நிறம் இல்லாமல் வெள்ளையாக வரும்வரை. கடைசி மாவில் ஒரு துளி பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள், நறநறப்பு இருந்தால் இன்னொரு ஈடு. தினமும் அரைக்கிற வீட்டில் சில மாதத்துக்கு ஒருமுறை கொத்தினால் போதும்.

இரண்டு அம்மி இருக்கிறது என்றீர்கள். ஒன்றைக் கறி மசாலாவுக்கும் இன்னொன்றைச் சட்னி, மருந்து, தேங்காய்க்கும் பிரித்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் கனமான குழவி உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். குழவி கனமாக இருந்தால் பாதி வேலையை அதுவே செய்யும், கை சும்மா நடத்தினால் போதும்.

கானாடுகாத்தான் வீடு

திருகையைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. மகளுக்கு ஆசை. கும்மாயத்துக்கு மாவு திரிக்கலாமா?

கோவிலூர் ஆயா

தாராளமாகத் திரிக்கலாம் தம்பி. கும்மாயத்துக்குத் திருகைதான் வாகு. உளுந்து, பாசிப்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி, எல்லாவற்றையும் தனித்தனியாகச் சிவக்க வறுத்து ஆற வைக்கணும். சூட்டோடு திரித்தால் மாவு கட்டிப்போகும். தரையில் வெள்ளைத் துணியை விரித்து, நடுவில் திருகையை வைக்கணும். மேல்கல் குழியில் போடுகிற அளவில்தான் சூட்சுமம். கை நிறைய அள்ளிப் போட்டால் பருப்பு உடைந்து வெளியே வரும், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் மாவாக வரும். முதலில் உடைத்துக்கொண்டு, அதையே திரும்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சீக்கிரம் முடியும். பிறகு சலித்து, கப்பியை மறுபடி திரிக்கணும்.

ஒரு ஆள் சுற்றுவதைவிட இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் அலுப்புத் தெரியாது. மகளும் நீங்களுமாக உட்காருங்கள். கருப்பட்டிப் பாகில் நெய் விட்டுக் கிண்டும்போது அந்த மாவு வாசம் அடுத்த கட்டு வரைக்கும் வரும். மில்லில் கொடுத்தால் முன்னால் யாரோ அரைத்த மிளகாய்த்தூள் வாடையும் சேர்ந்து வரும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை செய்கிற பலகாரம், அதற்குக் கையால் திரித்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

தேன்குழலுக்கு நிறைய மாவு வேணும், அதை மில்லில் கொடுத்துவிடுங்கள். ஆனால் கட்டையில் பிழிவது கையால்தான், அதற்கு மிஷின் தேடாதீர்கள். எண்ணெய்ச் சூடு பார்த்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக் கைக்குத்தான் தெரியும்.

அறந்தாங்கிப் பக்கம்

செட்டிநாட்டுக்கு அடுத்த ஊர்க்காரி, நானும் ஒன்று சொல்லலாமா? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்டு வரவில்லை. மின்கம்பம் அத்தனையும் சாய்ந்து கிடந்தது. எங்கள் தெருவில் ஆட்டுக்கல் மிச்சமிருந்த வீட்டுக்கு எல்லோரும் உளுந்தோடு போனோம். மாற்றி மாற்றி அரைத்தோம், ஆண்களும் சுற்றினார்கள். அம்மி இல்லாதவர்கள் பாறையில் மிளகாய் நசுக்கினார்கள். தினமும் புழங்காவிட்டாலும் ஆட்டுக்கல்லை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் ஆச்சி. வாசலுக்குப் பக்கத்தில், நாலு பேர் வந்து போகிற இடத்தில் கிடக்கட்டும்.

சென்னை அடுக்ககம்

மூன்றாவது மாடியில் இருப்பவர்களுக்கு என்ன வழி? அம்மி தூக்கி வர லிஃப்ட் போதாது, இடித்தால் கீழ் வீட்டார் வருவார்கள். ஆனால் காரைக்குடியில் வளர்ந்த நாக்கு கேட்கமாட்டேன் என்கிறது.

விசேஷச் சமையல், காரைக்குடி

தம்பி, சின்ன இடிகல் ஒன்று வாங்குங்கள், இரும்போ கல்லோ. அடியில் நாலாக மடித்த சாக்கைப் போட்டால் சத்தம் கீழே இறங்காது. மிளகு, சோம்பு, பூண்டு, இஞ்சி இதில் நசுங்கட்டும். மிளகு வறுவலுக்கு மிளகை அப்போதைக்கு அப்போது இடித்தாலே பாதி ஊர் ருசி வந்துவிடும். மசாலாவை மிக்சியில்தான் அரைக்க வேண்டுமென்றால், ஓட விடாமல் விட்டு விட்டு அடியுங்கள். நடுவில் திறந்து வழித்துவிட்டு ஆற விடுங்கள். வெங்காயத்தை மட்டும் தனியாக இடிகல்லில் நசுக்கிக் கடைசியில் சேருங்கள்.

மோர் கடையவும் மத்தே நல்லது. மிக்சியில் நொடியில் வெண்ணெய் திரளும், ஆனால் சூட்டில் இளகி மோரோடு கலந்துவிடும். அப்படியே போட வேண்டுமென்றால் ஐஸ் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. குறிப்பாகச் செக்காலைக்கு. அந்தப் பதிவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லைச் சுற்றியவர்கள் யார் என்று மாமியாரிடம் கேட்டேன். பெயர் பெயராகச் சொன்னார். அவர்களில் ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார், போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

முடிவு செய்தது இது. அம்மி ஒன்று மட்டும் தினப் புழக்கத்துக்கு. அடுப்படியின் பின்சுவரை ஒட்டிச் செங்கல் மேடை கட்டியாகிவிட்டது. உயரத்தை என் கணவருக்கும் எனக்கும் பொதுவாக வைத்தோம். வீட்டுக்கு வேலைக்கு வருகிறவரிடம் அம்மியைக் கழுவக்கூடக் கேட்பதில்லை என்று பேசிக்கொண்டோம். சட்னி என் கணவர் பொறுப்பு, மசாலா என் பொறுப்பு, மகன் தேங்காய் துருவுகிறான். யாருக்கும் முடியாத நாளில் மிக்சி, அதில் ஒரு குறையும் இல்லை. இட்லி மாவு கிரைண்டரிலேயே தொடரும். திருகை ஆடிக்கும் தீபாவளிக்கும். ஆட்டுக்கல்லை முகப்புத் திண்ணைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருக்கிறோம். இரண்டாவது அம்மியை யாருக்காவது புழங்கக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். இந்த வட்டாரத்தில் வேண்டியவர்கள் சொல்லுங்கள்.

அரிவாள்மனையை மட்டும் இன்னும் தொடவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்து வருகிறது.

வரமிளகாய்ச் சட்னி அரைத்துப் பார்த்தோம். மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு, இவ்வளவுதான். மிக்சியில் இதையே செய்தபோது வராத இனிப்பு ஒன்று வெங்காயத்திலிருந்து வந்தது. வெள்ளைப் பணியாரத்தோடு சாப்பிட்டோம். ஒரே ஒரு சிக்கல், கை ராத்திரி முழுக்க எரிந்தது. தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை. இதற்கு என்ன வழி?

செக்காலை

அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் ஆச்சி. மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் அரைக்க உட்காரும் முன்னாலேயே உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டுமாம். அரைத்து முடித்ததும் தண்ணீரில் கை வைக்காமல், மறுபடி எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் சீயக்காய் போட்டுக் கழுவ வேண்டும். வழிக்கும்போது கையை விடாமல் தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் வழித்தால் பாதி எரிச்சல் இருக்காது. கண்ணாடி வளையலை முன்னாலேயே கழற்றி வைத்துவிடச் சொன்னார்.

அந்த இரண்டாவது அம்மியை வேறு யாரும் கேட்கவில்லையென்றால் எனக்குத் தாருங்கள். சுற்றுகிற வேலைதான் அம்மாவுக்கு ஆகாது. துவையல் அரைக்க நான் இருக்கிறேன்.